மினி டிராக்டர்: கைக்காசா, கடனா? போடி விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

2019 ஆகஸ்ட் 3 அன்று இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-இல் சராசரி விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அதற்குப் பிறகு விலை தேறி வந்த நேரத்தில், 2024 கோடை வறட்சியில் இடுக்கி மலையெங்கும் செடிகள் கருகின. விலையும் மழையும் இப்படி ஆடுகிற தொழிலில், வண்டியைக் கைக்காசில் எடுப்பதா, கடனில் எடுப்பதா என்பதை வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. காய் இல்லாத மாதங்களில் கையில் எவ்வளவு இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியை மையமாக வைத்தே இந்தப் படிகளைச் சொல்கிறேன்.

முதல் படி: வண்டி தேவையா என்று பாருங்கள்

ஏலத்தோட்டத்தில் உழவு கிடையாது. மர நிழலில், சரிவில், செடிக்குச் செடி நடந்து செய்கிற வேலைதான் முக்கால்வாசி. அங்கே மினி டிராக்டருக்கு இருக்கிற வேலை வேறு: பச்சைக்காய் மூட்டைகளைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுவருவது, எரு ஏற்றுவது, கோடையில் தண்ணீர் டேங்க் இழுப்பது, இன்ஜின் சக்தி எடுக்கும் பிடிஓ தண்டில் பம்பை மாட்டி மருந்தடிப்பது. இதெல்லாம் தோட்டத்துக்குள் வண்டி போகிற பாதை இருந்தால்தான் நடக்கும். பாதை இல்லாத சரிவில் டிராக்டரை இறக்கினால் கவிழும். அந்த அபாயத்துக்கு எந்தக் கடன் திட்டத்திலும் பதில் இல்லை.

போடி அடிவாரத்தில் நிலைமை வேறு. தென்னை, மா, இலவ மர வரிசைகளுக்கு நடுவே உழவும் களையெடுப்பும் வருடம் முழுக்க உண்டு. மேலே ஏலமும் கீழே தோப்பும் வைத்திருப்பவருக்கு வண்டி நிற்காமல் ஓடும். 24 குதிரைத்திறனில் நான்கு சக்கர இழுவையோடு மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 போன்றவை கிடைக்கின்றன. மலைப்பாதையிலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் நான்கு சக்கர இழுவையும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கிற வண்டியையே கேளுங்கள். அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து விலையைக் குறைக்க வேண்டாம்.

போன வருடம் வாடகை டிராக்டருக்கும் ஜீப்புக்கும் கொடுத்த தொகையை மாதவாரியாக எழுதுங்கள். அது ஒரு வருடத் தவணையில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால் இந்த வருடம் வாங்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

இரண்டாம் படி: விலையை முதலில் பேசுங்கள், பணம் கட்டும் வழியைப் பிறகு சொல்லுங்கள்

ஷோரூமில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "ரெடி கேஷா, ஃபைனான்ஸா அண்ணே?" என்பதுதான். அதற்கு அப்போதே பதில் சொல்லாதீர்கள். கடன் பிடித்துக் கொடுத்தால் டீலருக்குக் கமிஷன் கிடைப்பது உண்டு. அதனால் கைக்காசு என்றாலே விலை தானாகக் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வண்டி விலை, பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், டிரெய்லர், ரோட்டவேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிய கொட்டேஷனை வாங்குங்கள். தேனியில் ஒன்று, கம்பம் பக்கம் ஒன்று என்று இரண்டு டீலர்களிடமாவது கேளுங்கள். விலை முடிந்த பிறகுதான் கைக்காசா கடனா என்ற பேச்சு.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5. பில்லில் அந்த விகிதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: பஞ்ச மாதக் கணக்கு

காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வாக்கில் ஓயும். அதன் பிறகு நான்கைந்து மாதம் செலவு மட்டும்தான். கோடையில் தண்ணீர் பாய்ச்ச டீசல். மழைக்கு முன் நிழல் மரக் கவாத்து. அழுகல் வராமல் இருக்க போர்டோ கலவை. உரம், இலைப்பேனுக்கு மருந்து, வாரக்கூலி. இந்த மாதங்களின் மொத்தச் செலவைப் போன வருட நோட்டிலிருந்து கூட்டி எழுதுங்கள். காய் ஏலத்துக்குப் போய்ப் பணம் கைக்கு வருகிற இடைவெளிக்கும் சேர்த்து, கூடவே ஒரு சுற்றுக் காய் கெட்டுப்போனாலும் தாங்குகிற தொகையையும் வையுங்கள். 2024-இல் பட்டுப்போன செடிக்கு மறுநடவு செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புதுச்செடி ஒழுங்காகக் காய் கொடுக்க மூன்றாம் வருடம் ஆகிவிடும்.

இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகும் வண்டி விலைக்குப் பணம் மிஞ்சுகிறதென்றால் யோசிக்க வேண்டாம், கைக்காசில் வாங்குங்கள். மிஞ்சவில்லை என்றால், வங்கிக் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு இருந்தாலும் அது வண்டி வாங்கும் பணமில்லை.

நான்காம் படி: வட்டியைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள்

வண்டி விலையில் 4,00,000 ரூபாய்க்குக் கடன், ஐந்து வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, மொத்தம் பத்துத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

குறையும் நிலுவைக்கு வருடம் 9 சதவீதம் என்றால் ஒரு தவணை சுமார் 50,550 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி சுமார் 1,05,500. அதுவே 14 சதவீதம் என்றால் தவணை சுமார் 56,950. வட்டி சுமார் 1,69,500. இனி, அதே "9 சதவீதம்" ஃபிளாட் வட்டி என்று சொல்லப்பட்டால்? நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு நாலு லட்சத்துக்கும் கடைசி வரை ஓடும். வட்டி 1,80,000 ரூபாய், தவணை 58,000. குறையும் நிலுவைக் கணக்கில் அது வருடம் 14.8 சதவீதத்துக்குச் சமம். ஃபிளாட்டா, குறையும் நிலுவையா என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் எதனோடும் ஒப்பிடாதீர்கள்.

இப்போது கைக்காசின் மறுபக்கம். இருந்த நாலு லட்சத்தையும் வண்டியில் போட்டுவிட்டு, கோடையில் கூலிக்கும் மருந்துக்கும் 2 லட்சம் வெளியில் வாங்குகிறீர்கள், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு, ஆறு மாதத்துக்கு. ஒரு கோடைக்கு 24,000 ரூபாய் வட்டி. ஐந்து கோடைக்கு 1,20,000. வங்கிக்குக் கொடுத்திருக்க வேண்டிய 1,05,500-ஐ மிச்சப்படுத்தப் போய் அதைவிட அதிகம் போகிறது. கடன் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வண்டி எடுத்தவர்கள் கடைசியில் ஊரிலேயே விலை கூடிய கடனில் போய் நிற்பது இப்படித்தான். அதிலும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே காயைப் போட வேண்டிய கட்டாயம் வந்தால், வட்டியோடு விலையிலும் இழப்பு.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏலத்தை நம்பி இருக்கிற நடுத்தர விவசாயிக்குப் பெரும்பாலும் பொருந்துவது பாதிக்குப் பாதி. விலையில் பாதிக்குக் குறையாமல் கைக்காசு, மீதி வங்கிக் கடன். நல்ல விலை கிடைத்த வருடம் கூடுதலாகக் கட்டிச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: மானியம் கேட்பதாக இருந்தால் அதுதான் முதலில்

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் பிரிவினருக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் உண்டு. வண்டியை வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. விண்ணப்பம், ஒப்புதல், அதன் பிறகுதான் கொள்முதல். உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இந்த வருடம் எந்த இயந்திரத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்று கேளுங்கள்; பல வருடங்களில் பவர் டில்லருக்கும் களையெடுக்கும் கருவிக்கும் கிடைப்பது டிராக்டருக்குக் கிடைக்காது. பட்டா தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். உடும்பன்சோலையிலோ பூப்பாறையிலோ மட்டும் நிலம் இருந்தால் கேரள வேளாண் துறையிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: கடனை எங்கே வாங்குவது

பொதுத்துறை வங்கி, கூட்டுறவு வங்கி, தனியார் ஃபைனான்ஸ், நகைக்கடன். போடியில் நடைமுறையில் இருப்பவை இந்த நான்கும்தான்.

வங்கியில் வட்டி குறைவு, காகிதம் அதிகம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கொட்டேஷன், ஏலத்தில் காய் விற்ற பில்கள் எல்லாம் கேட்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போனால் நிலத்தை அடமானமாகக் கேட்கலாம். பாதிக் காசைக் கையிலிருந்து போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: கடன் சிறிதானால் பத்திரம் வீட்டிலேயே இருக்க வாய்ப்புண்டு.

கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம் என்பது குறுகிய காலப் பயிர்க்கடனுக்கான சலுகை. டிராக்டருக்கு வாங்குவது வேறு வகை, தவணைக் கடன். அந்தக் கார்டில் எடுத்த பணத்தை வண்டிக்குப் போட்டுவிடாதீர்கள். கோடைக்காலச் செலவுக்கு உங்களுக்கு இருக்கிற மலிவான வழி அது ஒன்றுதான். கடன் தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கையிலும் தவணைக் கடன் வாங்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன்தான், டிராக்டர் கடன் இல்லை.

தனியார் ஃபைனான்ஸில் இரண்டு நாளில் வண்டி வீட்டுக்கு வரும், வட்டி கூடும். நகைக்கடன் வேகமானது, வட்டியும் சுமார்தான். ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் அசலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஐந்து வருடம் ஓடி உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய வண்டிக்கு ஒரு வருடக் கடன் பொருந்தாது. விலை சரிந்த வருடம் திருப்ப முடியாமல் வீட்டுப் பெண்களின் நகை ஏலத்துக்குப் போகும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கே வாங்கினாலும் மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சித்திரை, வைகாசியில் டியூ கட்டப் பணம் எங்கிருந்து வரும்? செப்டம்பர் கடைசியில் ஒன்று, மார்ச் கடைசியில் ஒன்று என்று அரையாண்டுத் தவணை கேளுங்கள். முதலாவதற்கு ஆரம்பச் சுற்றுக் காய், இரண்டாவதற்குக் கடைசிச் சுற்றுக் காய். பருவத்தை ஒட்டித் தவணை வைப்பது விவசாயக் கடனில் வழக்கமானதுதான், கேட்டால்தான் கிடைக்கும்.

2024 அக்டோபர் 1 முதல், கையெழுத்துக்கு முன்பே எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை, சில்லறைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேஎஃப்எஸ் என்று கேளுங்கள். பிராசசிங் கட்டணம், கடனோடு ஒட்டித் தருகிற ஆயுள் இன்சூரன்ஸ் எல்லாம் அதில் வெளியே வந்துவிடும்.

ஏழாம் படி: வண்டி எந்த மாநிலத்தில் நிற்கப் போகிறது?

போடிக்காரர்களுக்கே உரிய சிக்கல் இது. வண்டி டிஎன் 60 பதிவில் தேனியில் எடுக்கப்படும். வேலை செய்வதோ போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் நின்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கடன் இருக்கும்வரை அதற்கு ஃபைனான்ஸ் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று வேண்டும். அது எளிதில் வராது. அதனால் வண்டி முழுக்க மலையிலேயே நிற்கும் என்றால் ஆரம்பத்திலேயே கேரளப் பதிவில் எடுங்கள். இல்லையென்றால் கைக்காசுப் பங்கைக் கூட்டிக் கடன் காலத்தைச் சுருக்குங்கள்.

மலை நிலத்தின் ஆவணமும் எல்லா வங்கியிலும் ஒன்றுபோல் செல்லாது. ஏலமலைக் காட்டு நிலங்களில் பட்டாவும் உண்டு, குத்தகையும் உண்டு. குத்தகை ஆவணத்தை மட்டும் நம்பிக் கடனுக்கு அலைவதைவிட, கீழே இருக்கிற பட்டா நிலத்தைக் காட்டிக் கேட்பது வேகமாக முடியும்.

எட்டாம் படி: கைக்காசு என்றாலும் நோட்டுக்கட்டு வேண்டாம்

ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக யாரும் வாங்கக் கூடாது. 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மூன்று நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் அதே வண்டிக்கு என்றால் விதிமீறல்தான். அபராதம் வாங்குபவருக்கு, ஆனால் பில்லில் தொகையைக் குறைத்துப் போட்டால் இன்சூரன்ஸ் இழப்பீட்டில் நஷ்டம் உங்களுக்கு. ஆர்டிஜிஎஸ் அல்லது டிடி-யில் கட்டுங்கள். வட்டிக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொல்லிக் கடன் பக்கம் தள்ளினால், விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

டிரெய்லருக்கும் தனிப்பதிவையும் இன்சூரன்ஸையும் கேட்டு முடித்துவிடுங்கள். தோட்ட வேலைக்கு ஆட்களை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும், உயிர் திரும்பாது.

கடைசிப் படி: கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடியவில்லை. கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சி-யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்குங்கள். அது இருக்கும்வரை வண்டியை விற்க முடியாது. நிலப்பத்திரம் கொடுத்திருந்தால், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும்; கடன் கொடுத்தவரின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.