பிழையும் கன்னக்கோலும்

கணினியைப்பற்றிப் பேசுவோர் பலரும் பிழை, பாதுகாப்புக் குறை, தாக்குதல் என்னும் மூன்றையும் ஒரு பொருளனவாகவே வழங்கக் காண்கின்றோம். சொல்லாராய்ச்சியிற் பழகும் எமக்கு இம்மயக்கம் உறுத்துகின்றது. ஆதலின் 2014-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறையொன்றை எடுத்துக்கொண்டு, அச்சொற்களின் வேறுபாட்டை ஈண்டு ஆராய்வாம்.

நிரல் என்பது கணினி செய்யவேண்டியவற்றை முறைப்பட எழுதிய கட்டளைத் தொகுதி. மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூலநிரல். அதனைப் பொறி உணரும் வடிவமாக மாற்றுவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. ஒருவர் எழுதியதைப் பிறரும் தத்தம் நிரலிற் சேர்த்துக்கொள்ளுமாறு ஆக்கிவைத்த தொகுதிக்கு நூலகம் என்று பெயர். ஓப்பன் எஸ்எஸ்எல் அத்தகையதொரு நூலகம். வலைத்தளத்திற்கும் அதனைக் காண்போர்க்கும் இடையே செல்லும் செய்தியை அயலார் அறியாவண்ணம் மறைத்தெழுதுதல் அதன் தொழில். இதனையே குறியாக்கம் என்பர். அதன் மூலநிரல் யாவரும் காணத் திறந்து கிடப்பது.

தொடர்பு அறாதிருத்தலை உறுதிசெய்ய அந்நூலகத்தில் ஹார்ட்பீட், அதாவது இதயத்துடிப்பு, என்றோர் ஏற்பாடு இருந்தது. ஒரு கணினி சிறு சொல்லொன்றை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவு என்றும் அறிவிக்கும். மற்றது அச்சொல்லை அவ்வாறே திருப்பியனுப்புதல் வேண்டும். 2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில், அறிவித்த நீளம் மெய்யா என்று சோதிப்பது விடுபட்டது. இதுவே பிழை. ஓரெழுத்தை அனுப்பி, 'இஃது 60,000 எழுத்து' என்று பொய் கூறினால், எதிர்க்கணினி அதனை நம்பித் தன் நினைவகத்தில் அருகே கிடந்தவற்றையெல்லாம் சேர்த்து அனுப்பிவிடும். ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை கசியும். அதனுட் பிறர் கடவுச்சொல் இருக்கலாம். குறியாக்கத்தின் திறவுகோலே இருக்கலாம். இரண்டாண்டு இஃது ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை போலும்!

கூட்டற் கணக்கைத் தவறாகச் செய்யும் நிரலிலும் பிழை உண்டு. ஆயின் அதனாற் கள்வன் நுழையான். அயலான் தன் பயன் கருதிக் கையாளத்தக்க பிழையே பாதுகாப்புக் குறையாம். அதன் வழியே நுழைய வகுத்த உபாயத்தை எக்ஸ்பிளாய்ட் என்பர். சுவரிற் செங்கல் பெயர்ந்திருத்தல் வேறு, கன்னக்கோல் வேறு அன்றோ? இதனைக் கன்னக்கோல் என்றே வழங்கலாமென்பது எம் கருத்து. பிழையைக் குறிக்கும் பக் என்னும் ஆங்கிலச் சொல், 1947-இல் ஹார்வர்டுப் பொறியொன்றிற் சிக்கிய பூச்சியாற் பிறந்ததென்று எழுதுவாரும் உளர். எடிசன் 1878-லேயே தம் கடிதத்தில் அதனை ஆண்டிருத்தலின் அக்கூற்றுப் பொருந்தாது.

கூகுளைச் சேர்ந்த ஒருவரும் பின்லாந்துக் கம்பெனியொன்றும் தனித்தனியே கண்ட இக்குறை, 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளியிடப்பட்டது. அன்றே திருத்திய பதிப்பும் வந்தது. இவ்வாறு திருத்தி இடுவது பேட்ச், அதாவது ஒட்டு. ஈண்டு ஒட்டாவது நீளத்தைச் சோதிக்கும் சில வரிகளே. எனினும் அதனோடு வேலை முடிந்தபாடில்லை. இக்களவு வழக்கமான பதிவுகளிற் சுவடு விடாமையின், திறவுகோல் பறிபோயிற்றா என்று அறிதல் அரிது. பெயர்ந்த சுவரை அடைத்தபின்னும் சாவி கள்வன் கையில் இருந்தால் என் செய்வது? ஆதலின் வலைத்தளத்தார் திறவுகோல்களையும் அவற்றிற்குரிய சான்றிதழ்களையும் புதுப்பிக்கவேண்டியதாயிற்று. அதன்பின்னரே பயனர் கடவுச்சொல்லை மாற்றுதல் தக்கது. முன்னரே மாற்றினாற் புதியதும் கசியும். கனடா நாட்டு வரித்துறையில், சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் ஆறு மணி நேரத்தில் இவ்வழியே களவாடப்பட்டன. தன் தளத்தைச் சில நாள் மூடிய அத்துறை, வரிக்கணக்குக் கொடுக்கும் கடைசி நாளை ஏப்ரல் 30-இலிருந்து மே 5-க்கு நீட்டியது.