எழுதக் கற்றுத்தருபவர்க்கு யார் கற்றுத்தருவது?

லேத் ஓட்டத் தெரிந்தவரெல்லாம் லேத் ஓட்டச் சொல்லித்தர முடியாது என்பது ஒர்க்‌ஷாப்பில் நாம் தினமும் காணும் உண்மை. எழுத்துக்கும் இது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள். "நாம டிப்ளமோ, நமக்கு எதுக்குப்பா எழுத்து?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ரெக்கார்டு, புராஜெக்ட் ரிப்போர்ட், வேலைக்கு விண்ணப்பம், நாளை கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் எழுத வேண்டிய லாக் புக், எல்லாம் எழுத்துதானே?

எங்க அப்பா கட்டட வேலை செய்பவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. ரேஷன் கார்டுக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் எழுதியதைத் திருத்தித் தர வீட்டில் ஆள் கிடையாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். ஆசிரியர் ஒருவரே வழி. அந்த ஆசிரியர்க்கு அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

பள்ளி ஆசிரியர் என்றால் பி.எட். உண்டு. பாடத்திட்டம் போட்டு, உண்மையான வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டிய பிறகே பட்டம். கல்லூரி ஆசிரியர்க்கு இந்தக் கட்டாயம் இல்லை. எம்.ஏ. முடித்து, 1989-ல் வந்த 'நெட்' தேர்வில் தேறினால் தகுதி வந்துவிடுகிறது. ஆங்கிலப் பாடத்துக்கான நெட் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள் இருக்கின்றன. நாடகம், கவிதை, நாவல், திறனாய்வு என்று போகும் அந்தப் பத்தில் ஒன்றில் மட்டும், அதுவும் மொழியியலோடு சேர்த்து, கற்பித்தல் வருகிறது. விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது. ஒரு மாணவனின் பத்தியைக் கையில் கொடுத்து "இதைத் திருத்திக் காட்டு" என்று யாரும் கேட்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஓர் ஆங்கில ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஷேக்ஸ்பியர் எப்படி எழுதினார்னு ரெண்டு வருஷம் படிச்சேன்ப்பா. நீ எப்படி எழுதறேன்னு படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரல." அவர் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் நியாயமல்ல. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்காகவே 1958-ல் ஐதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது 'இஃப்லு' என்னும் பல்கலைக்கழகம். கல்லூரி ஆசிரியர்களுக்காக 1986-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஒட்டி அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கென்றே 1964-ல் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். அது எங்கோ இல்லை, வேளச்சேரி தாண்டினால் வரும் நம் தரமணியில்தான்! டி.டி.டி.ஐ. என்றிருந்த பெயர் 2003-ல் என்.ஐ.டி.டி.டி.ஆர். ஆயிற்று. புதிய ஆசிரியர்களுக்காக ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த பயிற்சியின் எட்டுத் தொகுதிகளில் தகவல்தொடர்புத் திறன் ஒன்று, மாணவர் மதிப்பீடு இன்னொன்று. ஆனால் அவை எல்லாப் பிரிவு ஆசிரியர்க்கும் பொதுவானவை. எழுத்தைக் கற்பிப்பது தனித் தொழில் என்று பார்த்து அமைத்தவை அல்ல.

அப்படிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பிரிவு மாணவராக இருந்தாலும் முதலாண்டில் எழுத்துப் பாடம் உண்டு. ஹார்வர்டில் 1885-லேயே வந்துவிட்டது. அதைக் கற்பிப்பவர்களுக்கென்று 1949 முதல் தனிச் சங்கமே இருக்கிறது. இந்த வகுப்புகளை நடத்துவோரில் பலர் எம்.ஏ., பிஎச்.டி. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். பல பல்கலைக்கழகங்களில் அவர்கள் கற்பித்துக்கொண்டே, எப்படிக் கற்பிப்பது என்ற பாடத்தையும் படிக்கிறார்கள். ஒரே கட்டுரையைப் பலர் தனித்தனியே திருத்தி மதிப்பெண் போட்டு, ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் ஏன் போட்டார்கள் என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். வெர்னியரில் அளக்கும் முன் ஜீரோ எரர் பார்க்கிறோமே, அதுபோல. (அங்கே பாலாறும் தேனாறும் ஓடுவதாக எண்ண வேண்டாம். 2022-ல் கலிபோர்னியாவில் இப்படிப் பாடம் நடத்தும் மாணவர்கள் உட்பட சுமார் 48,000 பேர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.)

இந்தத் துறையில் என்னைக் கவர்ந்தவர் மினா ஷானஸி என்ற ஆசிரியை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல், பள்ளிப் படிப்பை முடித்த நகரத்து மாணவர் எல்லோர்க்கும் இடம் உண்டு என்று கதவைத் திறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள், குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்த பல ஆசிரியர்கள், இவர்களைத் தேற்ற முடியாது என்றே நினைத்தார்கள். ஷானஸி அப்படி விட்டுவிடவில்லை. சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துப் படித்தார். பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மாணவன் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டார். 1977-ல் அதைப் புத்தகமாக எழுதினார். எழுதக் கற்பிக்கப் பயில்வோர்க்கு அது இன்றும் முக்கியமான நூல்.

இதை நம் ரெக்கார்டில் வைத்துப் பாருங்கள். கடையில் "ஐந்து போல்ட் கொடுங்க" என்றுதான் கேட்போம், "ஐந்து போல்ட்டுகள்" என்று யாரும் கேட்பதில்லை. எண் வந்துவிட்டால் பொருளுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை என்பது தமிழின் வழக்கம். அதே கணக்கில்தான் "ஃபைவ் போல்ட்" என்று ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். அதேபோல "தி லோட் ஈஸ் இன்க்ரீஸ்" என்று எழுதுகிறவன் சோம்பேறி அல்ல. ஒன்றாம் வகுப்பில் "திஸ் ஈஸ் எ பென்" என்று தொடங்கியவன், ஆங்கில வாக்கியம் என்றால் 'ஈஸ்' இருந்தே தீரவேண்டும் என்று விதி செய்துகொண்டிருக்கிறான். ஒரு ரெக்கார்டில் இப்படி முப்பது இடங்களில் வந்தால் முப்பது சிவப்பு வட்டம் விழும். பையன் பயந்துபோய் அடுத்த முறை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுவான். அதில் பிழை இருக்காது, அவனும் இருக்க மாட்டான். உண்மையில் அவனிடம் இருந்தவை முப்பது பிழைகள் அல்ல, இரண்டே இரண்டு. ஜாபில் சாட்டர் விழுந்தால் இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு வரியையும் எண்ணுவாரா? டூல் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா என்றுதானே பார்ப்பார்? அந்தப் பார்வைதான் பயிற்சி. அது தானாக வருவதில்லை.

தரமணியில் இதற்கென்று ஒரு தனித் தொகுதி வந்தால் நல்லது. மாணவர் பேரவை வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று எங்கள் பேட்ச்சில் இருவர் இருவராகச் சேர்ந்து, ரெக்கார்டு வைப்பதற்கு முந்தின நாள் மாற்றிப் படிக்கிறோம். பிழையை எண்ணக் கூடாது, எத்தனை வகை என்று மட்டும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. போன வாரம் பக்கத்து பெஞ்ச் நண்பனின் ரெக்கார்டில் மூன்று வகை கிடைத்தது: பன்மை, 'ஈஸ்', 'தி'. முதல் இரண்டை நாங்களே சரிசெய்துவிட்டோம். 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பது இருவருக்குமே பிடிபடவில்லை. திங்கட்கிழமை சாரிடம் கேட்க வேண்டும்.