கான்ஸ்ட் பற்றிய சில நம்பிக்கைகள்

ஒத்தக்கடை யானைமலையின் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டிய அமைச்சர் மாறன் காரி தோற்றுவித்ததைச் சொல்லும் கி.பி. 770-ஆம் ஆண்டுச் சாசனத்தைக் கண்டு பழகியவர்க்கு, சி மொழியின் 'கான்ஸ்ட்' என்பதும் அத்தகைய கல்லெழுத்தே என்று தோன்றுவது இயல்பு. இளம் நிரலாளரிடையே பரவியுள்ள முதல் நம்பிக்கையும் அதுவே. ஆனால் ஒரு மாறியைச் சுட்டும் பாயின்டரில் கான்ஸ்ட் என்று எழுதினால், அவ்வழியாக எழுதுவதில்லை என்று கம்பைலருக்கு வாக்களிக்கிறோமேயன்றி, அம்மாறி தன் சொந்தப் பெயரால் மாறுவதை அது தடுப்பதில்லை. (பிறக்கும்போதே கான்ஸ்டாக அறிவிக்கப்பட்ட மாறியைக் குறுக்குவழியில் திருத்துவது வேறு விஷயம், அதன் விளைவுக்குத் தரநிலை எந்த உத்தரவாதமும் அளிப்பதில்லை.)

மேக்ரோவுக்குள் கான்ஸ்டைக் களைவது அந்த வாக்கை மீறும் அதர்மம் என்பது இரண்டாவது நம்பிக்கை. தனக்குத் தரப்பட்டதன் வகையை டைப்ஆஃப் மூலம் அறிந்து, அதே வகையில் ஒரு தற்காலிக மாறியை உண்டாக்கி, பின்னர் அதில் புதிய மதிப்பை இட மேக்ரோ முயலும்போது, மூலத்தின் கான்ஸ்டும் உடன் வந்துவிடுவதால் கம்பைலர் மறுத்துவிடுகிறது. அங்கே வேண்டப்படுவது நகலைத் திருத்தும் சுதந்திரம் மட்டுமே. மூலத்தை யாரும் தொடுவதில்லை.

நகலின் வகையிலிருந்து கான்ஸ்டைக் களைய, மூலத்துடன் பூஜ்யத்தைக் கூட்டினால் போதும் என்பாரும் உளர். கூட்டலின் விடை வெறும் மதிப்பாதலின் கான்ஸ்ட் நீங்குவது மெய்தான். ஆயினும் சார், ஷார்ட் ஆகிய சிறு வகைகள் இன்ட்டாக உயர்ந்துவிடும். ஸ்ட்ரக்டுக்கோ கூட்டலே கிடையாது. லினக்ஸ் கெர்னலில் இதே சங்கடம் வோலடைல் என்னும் மற்றோர் அடைமொழியின் வடிவில் எழுந்தது: தற்காலிக மாறியும் வோலடைலாகி, மதிப்பு வீணாக ஸ்டாக்குக்குப் போய்த் திரும்பியது. அதற்கு, 2020-இல் வெளிவந்த 5.8 பதிப்புக்காகக் கெர்னல் நிரலாளர் வில் டீகன், எண் வகைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அடைமொழியற்ற வகையைப் பெறும் மேக்ரோ ஒன்றை எழுதினார். அழகற்றதாயினும் பழுதற்ற உபாயம்.

சி23 தரநிலை இதற்கென்றே டைப்ஆஃப்_அன்குவால் என்பதைத் தந்துவிட்டது. அது வந்தபின் பாயின்டர் சுட்டும் பொருளின் கான்ஸ்டும் உதிர்ந்துவிடும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர்; அது களைவது பாயின்டரின் மேலுள்ள கான்ஸ்டை மட்டுமே, சுட்டப்படும் பொருளுக்குரியது இருந்தபடியே இருக்கும்.