சிங்காரத்தோப்பில் 110 நாட்கள்



துன்பம் வந்தால் பதிக்கோ நிழல்தாங்கலுக்கோ போய் அய்யாவிடம் முறையிடுவது அன்புக்கொடி மக்களின் வழக்கம். உடனே வழி பிறந்தால் மனம் மகிழ்கிறது. மாதங்கள் கடந்தும் ஒன்றும் நடக்காதபோது, "அய்யா கேட்கவில்லையோ?" என்ற எண்ணம் எழுகிறது. தீராத நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும், பிள்ளைக்கு வேலையோ திருமணமோ அமையாமல் காத்திருப்பவர்களுக்கும் இந்த எண்ணம் வராமல் இருக்காது. அது வரும்போது அய்யாவின் சிறைவாசத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம் முடித்த அய்யாவைத் திருவிதாங்கூர் மன்னனின் படை பிடித்துச் சென்றது. திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அவரைச் சிறை வைத்தார்கள். நஞ்சு கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். மிளகாய் வற்றல் போட்ட அறையில் அடைத்துப் புகை மூட்டினார்கள். பசித்த புலியின் கூட்டுக்குள் விட்டார்கள். எதுவும் அய்யாவைத் தொடவில்லை.

புலியை அடக்கியவருக்குச் சிறைக் கதவைத் திறப்பது பெரிதா? முதல் நாளே அவர் வெளியே வந்திருக்கலாம். ஆனாலும் 110 நாட்கள் அங்கேயே இருந்தார். பட்ட பாடெல்லாம் மக்களுக்காகப் பட்டார். குறித்த காலம் நிறையும்வரை பொறுத்திருந்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு. தம் சாதியாரை மட்டுமே சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை செய்கிறோம் என்றார்கள். ஒரு கையெழுத்தில் துன்பம் தீர்ந்திருக்கும். அய்யா அதை ஏற்கவில்லை. எல்லாச் சாதி மக்களையும் ஒன்றாக்க வந்தவர், அந்தத் தர்மத்தை விட்டுக்கொடுத்து வெளியே வர மனம் கொள்ளவில்லை. காலம் நிறைந்தபோது, அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படாமலே வெளியே வந்தார்.

பொறுமை என்றால் என்ன என்பது இங்கே விளங்கும். அநியாயத்துக்குத் தலையாட்டுவது பொறுமை ஆகாது. அய்யா கலிநீசனின் அநியாயத்தை அநியாயம் என்றே சொன்னார். பதிலுக்கு ஆயுதம் எடுக்கவும் இல்லை, குறுக்கு வழியில் தப்பவும் இல்லை. தர்மத்தை விடாமல் காலத்துக்குக் காத்திருப்பதே அய்யா காட்டிய பொறுமை.

காத்திருந்த காலத்தில் மக்களையும் அவர் சும்மா இருக்கச் சொல்லவில்லை. வாகைப்பதியில் 700 குடும்பத்தார் துவையல் தவசு இருந்தார்கள். குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு ஒழுக்கம் பழகினார்கள். முத்திரிக் கிணற்றில் எல்லோரும் ஒன்றாக நீராடினார்கள். தலைப்பாகை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஆண்கள் தலைப்பாகை கட்டி அய்யாவை வணங்கினார்கள். நாட்டின் சட்டம் மாறுவதற்கு முன்பே அவர்கள் வாழ்க்கை மாறிவிட்டது.

சட்டம் மாறக் காலம் ஆயிற்று. அய்யா வைகுண்டம் போனது 1851இல். நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிய மன்னர் அனுமதி அறிவித்தது 1859இல். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936இல். துவையல் தவசு இருந்த தலைமுறை கோயில் திறந்த நாளைக் காணவில்லை. அதனால் அவர்கள் தவசு வீணாகவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள்.

ஆகவே, கேட்டது கேட்ட நாளில் கிடைக்காவிட்டால் அய்யா மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். நோயாளிக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுங்கள், திருநாமமும் இடுங்கள். வழக்கு நடந்தால் உண்மையைச் சொல்லி நடத்துங்கள். கைக்கூலி கொடுத்து வெல்ல வேண்டாம். கடன் இருந்தால் உழைத்து அடைத்து வாருங்கள். பசித்து வருபவருக்கு இருப்பதில் ஒரு பிடி அன்னம் கொடுங்கள். உகப்படிப்பையும் உச்சிப்படிப்பையும் விடாதீர்கள். தாங்க முடியாத நாளில் அய்யாவிடம் அழுங்கள். அழுவது பொறுமைக்குக் குறைவு இல்லை.

காலத்தைக் குறிப்பது அய்யாவின் வேலை. அதுவரை தர்மம் தவறாமல் இருப்பது மக்களின் வேலை. சிங்காரத்தோப்பின் கதவு 110ஆம் நாள் திறந்தது. நம் வீட்டுக் கதவு திறக்கும் நாளும் அய்யாவுக்குத் தெரியும்.

அய்யா துணை.