நாள் தள்ளிப்போனால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்
கருக்கலைப்பு: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் நிறைவேறி, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இந்தியாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 பெண்கள் இறப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2022 அறிக்கை சொன்னது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் யாரோ சொன்ன பேச்சை நம்பிப் பெண்கள் வாரக்கணக்கில் தயங்கி நிற்கிறார்கள். கருக்கலைப்பில் ஒவ்வொரு வாரம் கடக்கும்போதும் ஆபத்து கூடுகிறது. அப்படிப்பட்ட பேச்சுகளில் சில இங்கே.

“கலைக்கறதே சட்டப்படி தப்புங்க. ஸ்கேன் சென்டர்லயே போர்டு வெச்சிருக்காங்க.”

உண்மை: அந்தப் போர்டை நின்று படித்துப் பாருங்கள். கருவின் பாலினத்தை இங்கே கண்டறிந்து சொல்வதில்லை, அது குற்றம் என்றுதான் எழுதியிருக்கும். 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பாலினம் கண்டறிவதை. கொங்கு மண்டலத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியதே சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க வந்த சட்டத்தையும், கர்ப்பிணியின் உயிரைக் காக்க வந்த சட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தாயின் உயிருக்கோ, உடல்நலம், மனநலத்துக்கோ ஆபத்து, கருவில் கடுமையான குறைபாடு, பாலியல் வன்முறை, கருத்தடை முறை தவறிப்போனது ஆகிய காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு, சிறுமியர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு.

“வூட்டுக்காரர் கையெழுத்துப் போடாம ஆஸ்பத்திரில பாக்க மாட்டாங்க.”

உண்மை: சம்மதத்துக்கான ‘படிவம் சி’ ஒரே பக்கம்தான். பெண்ணின் பெயர், வயது, முகவரி, ‘என் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வாக்கியம், அவருடைய கையெழுத்து. கணவரின் கையெழுத்துக்கென்று அதில் இடமே கிடையாது. 18 வயது நிரம்பாதவருக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டுமே பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். குடும்பத்தார் சம்மதம் போல, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

“கல்யாணம் ஆகாத புள்ள போனா ஊரே சிரிக்கும், போலீசும் வந்துரும்.”

உண்மை: கருத்தடை தவறியதற்கான பிரிவில் 2021 வரை ‘மணமான பெண்’, ‘கணவர்’ என்றுதான் இருந்தது. இப்போது ‘பெண்’, ‘துணைவர்’ என்று மாறிவிட்டது. மணமானவர், ஆகாதவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் அந்த 2022 தீர்ப்புதான். ரகசியத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். மருத்துவரின் கருத்துப் படிவமும் சம்மதப் படிவமும் ‘ரகசியம்’ என்று குறித்த உறைக்குள் போய்விடும். தனிப் பதிவேட்டைத் தவிர மற்ற ஏடுகளில் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் இருக்கும். விவரத்தை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் மட்டும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். சம்மதத்தோடு நடந்த உறவாக இருந்து, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அங்கேயும் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

“பப்பாளியும் எள்ளுருண்டையும் தின்னாப் போதும். இல்லைன்னா கடைல மாத்திரை இருக்கே.”

உண்மை: பப்பாளியும் எள்ளும் கருவைக் கலைக்கும் என்று நம்பிக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும். எருக்கங்குச்சி போன்றவற்றை உள்ளே செலுத்துவது கர்ப்பப்பையைக் கிழிக்கும், சீழ் பிடிக்க வைக்கும், ஆளையே கொல்லும்.

மாத்திரை முறை நல்ல முறைதான். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இந்தியாவில் 9 வாரம் வரை இதற்கு அனுமதி உண்டு, ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும். எத்தனை வாரம் என்று பார்க்க வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, வெட்கப்படாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

“மொதக் கருவைக் கலைச்சா அப்பறம் கொழந்தையே தங்காது.”

உண்மை: முறையாகச் செய்த கருக்கலைப்பால் மலட்டுத்தன்மை வருவதில்லை. அரைகுறையாகக் கலைத்து, கிருமி தொற்றி, குழாய் அடைத்துக்கொண்டால்தான் அந்த ஆபத்து. பழைய சுரண்டும் முறையை விட்டுவிட்டு, உறிஞ்சி எடுக்கும் முறைக்கோ மாத்திரைக்கோ மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சொல்லப்போனால், கலைத்த இரண்டே வாரத்தில் மறுபடி கரு உண்டாகலாம். அதனால் கருத்தடை பற்றி அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது.

“லீவு போட்டா பனியன் கம்பெனில சம்பளம் போயிரும்.”

உண்மை: சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொண்ட தொழிலாளிக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும். சொந்தமாக மாத்திரை வாங்கிப் போட்டவருக்கு அந்தச் சான்று கிடைக்காது.

“சுலபமாக்கினா எல்லாரும் கலைச்சுக்குவாங்க.”

உண்மை: ருமேனியா 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தது. கலைப்பு நிற்கவில்லை, மறைவுக்குப் போனது, தாய்மார்களின் சாவு ஏறியது. 1989 இறுதியில் தடை நீங்கியதும் அடுத்த ஓராண்டிலேயே அந்தச் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2018-20ல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய அளவு 97. இந்தச் சாவுகளை இன்னும் குறைக்க வேண்டுமானால் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கருக்கலைப்புச் சிகிச்சை தடையின்றிக் கிடைக்க வேண்டும், வருகிற பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்வது நிற்க வேண்டும். உங்கள் பங்குக்கு, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் குறித்து வையுங்கள். நாள் தள்ளினால் அந்த வாரமே பரிசோதித்துவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விவரம் கேட்க 104 இருக்கிறது.