"அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்"

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. 'அம்மா', 'தா' தவிர வேறு பேச்சில்லை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் சம்பந்தியம்மா. காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். இரண்டு வயதிலேயே பிள்ளைகள் 'பால் வேணும்', 'அப்பா வா' என்று சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். தாமதமாகப் பேசித் தானாகச் சரியான பிள்ளைகளும் உண்டு. ஆனால் இவன் அந்த ரகமா என்று சம்பந்தியம்மாவுக்கு எப்படித் தெரியும்?

முதலில் காது. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்பது போதாது. காதுக்குள் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் தப்பிவிடும். பெரா எனும் செவித்திறன் பரிசோதனையில் பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பார்கள். வலிக்காது.

அடுத்தது பேச்சு-மொழிப் பயிற்சியாளர். அவர் சொற்களை மட்டும் எண்ணுவதில்லை. கையால் சுட்டாமல் 'பந்தை எடு' என்றால் எடுக்கிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா, கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா என்று தரையில் உட்கார்ந்து விளையாடியபடியே கவனிப்பார். புது அறையில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. வீட்டில் அவன் விளையாடுவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் காது, பேச்சு இரண்டையும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.