பைக்குக்கு இன்ஜின் ஆயில் நாமே மாற்றலாம்

எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி

இந்த முறை அறிவியல் பகுதியில் நான் எழுதுவது, நம்ம ஊரில் பாதி வீட்டு வாசலில் நிற்கிற ஸ்பிளெண்டர் வண்டியைப் பற்றி. எங்கப்பா தினமும் விடிகாலையில் அதில்தான் பூ மூட்டையை மார்க்கெட்டுக்குக் கொண்டு போறார். வண்டி வழியில் நின்னா அன்றைய பூ வாடிடும், அன்றைய கூலியும் போச்சு.

வண்டி ஓடும்போது உள்ளே இருக்கிற பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய் வருது. இரும்பும் இரும்பும் உரசினா என்ன ஆகும்? எட்டாம் வகுப்பில் உராய்வும் பாகுநிலையும் படித்தோமே, அதுதான் இங்கே வேலை செய்யுது. ஆயில் நடுவில் மெல்லிய படலமா நின்று உராய்வைக் குறைக்குது. சூட்டை வாங்கிக் கொண்டு போகுது. கரியையும் உலோகத் தூளையும் தன்னிடம் சேர்த்துக்குது. ஆயில் கறுத்துப் போவதைப் பார்த்து டூப்ளிகேட் ஆயில்னு சிலர் சொல்றாங்க. அது தப்பு. அழுக்கை எடுத்திருக்கு, அதான் கறுத்திருக்கு.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியம். காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேற ஆயில். ஆட்டோமேட்டிக் கியர் காரில் அந்த ஆயிலே இன்ஜினின் சக்தியை கியருக்குக் கடத்துதாம்! ஆனா ஸ்பிளெண்டரில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுமே ஒரே ஆயிலில்தான் ஊறிக் கிடக்குது. அதனால் கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றக் கூடாது. கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கா, 10டபிள்யூ30 என்று இருக்கா என்று பார்த்து வாங்கணும். அந்த டபிள்யூ வெயிட் இல்லை, விண்டர், அதாவது குளிர்காலம்.

இனி வேலை. வண்டியை 5 நிமிஷம் ஓட விட்டு அணைக்கணும். ஆயில் இளஞ்சூடானா இளகி ஓடும், கொதிக்கக் கொதிக்கத் திறந்தா கை வெந்திடும். மெயின் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் பழைய சட்டியை வைத்து, 17-ஆம் நம்பர் ஸ்பானரால் டிரெயின் போல்ட்டைக் கழற்றணும். "பொட்டப்புள்ளைக்கு ஸ்பானர் எதுக்கு?" என்று எங்க அத்தை கேட்டாங்க. ஸ்பானரோட நுனியைப் பிடிச்சா அதிக பலமே வேண்டாம், நெம்புகோல் தத்துவம்தானே! ஆயில் சொட்டி முடிந்ததும் வாஷரோடு போல்ட்டை முதலில் கையால் முடுக்கணும், கடைசியில் மட்டும் ஸ்பானர். முழு பலத்தில் இறுக்கினா அலுமினிய மரை போயிடும். அதுக்கப்புறம் செலவு பெரிசு.

புது ஆயில் 900 மில்லி டப்பாவாகக் கிடைக்கும். முழுசையும் கவிழ்த்திடாம கொஞ்சம் மீதி வைத்து, வண்டியை ஓட்டி அணைத்து, 3 நிமிஷம் கழித்து ஆயில் குச்சியைத் துடைத்து உள்ளே விடணும். மரையைத் திருகாம சும்மா வைத்துப் பார்க்கணும். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றா சரி. குறைந்தாலும் கெடுதி, மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதி.

ஃபில்டர்? புல்லட்டில் இருக்கிற மாதிரி மாற்றுகிற தாள் ஃபில்டர் ஸ்பிளெண்டரில் கிடையாது. வலது பக்க மூடிக்குள்ளே கம்பி வலையும், சுழன்று அழுக்கை ஒதுக்குகிற ஒரு கிண்ணமும் இருக்கு. அதைத் திறக்கிற வேலையை மெக்கானிக் அண்ணனிடம் விடுவதே நல்லது.

எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் கவனிக்க. பழைய எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக், அதில் பெட்ரோலோடு ஆயில் கலப்போம். 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது, இன்ஜின் ஆயிலைத்தான் மாற்றணும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

கழிவு ஆயிலை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றாதீங்க, மண்ணும் தண்ணீரும் கெடும். மாட்டுப் புண்ணில் தடவுவதும் வேண்டாம். அது அடிக்கடி தோலில் பட்டால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. அதனால் கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கணும், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவணும். 2016-ஆம் ஆண்டு விதிகளில் இதுவும் அபாயக் கழிவுதான். நாங்க பழைய கேனில் ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கிறோம். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எங்க வீட்டு காலண்டரில் என் கையெழுத்தில் இருக்கு.